டிஸ்லெக்ஸியாவோடு தமிழ் ஆய்வும் கதை எழுத்தும்: ஒரு தம்பிக்குப் பதில்

கேரள எல்லையில் இருக்கும் கோவிந்தாபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 23, எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. சின்ன வயதிலிருந்தே எழுத்துக்கூட்டிப் படிப்பதில் தடுமாற்றம். போன வருடம் கோயம்புத்தூரில் சோதித்துப் பார்த்து டிஸ்லெக்ஸியா என்று சொல்லியிருக்கிறார்கள். முனைவர் பட்டம் செய்ய ஆசை, கதையும் எழுதுகிறார். “தமிழ் எடுத்தவனுக்கே எழுத்துப்பிழையா என்று சிரிக்கிறார்கள் டீச்சர். இன்னொருத்தர் இது குறையே இல்லை, வரம் என்கிறார். நான் இந்தப் பக்கம் வரலாமா? வந்தால் நெறியாளரிடம் சொல்லலாமா? நீங்கள் எப்படி இவ்வளவு படிக்கிறீர்கள்?”

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நான் அவ்வளவு படிப்பதில்லை. கேட்கிறேன். கண்ணால் நான் ஒரு பக்கம் முடிப்பதற்குள் பக்கத்து மேசைக்காரர் மூன்று பக்கம் புரட்டிவிடுவார். முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரியில் பாடம் நடத்தி, இரண்டு கதைத் தொகுப்பும் போட்ட பிறகும் நிலைமை அதேதான். இது போகாது. போய்விடும் என்று காத்திருந்த வருடங்களைத்தான் நான் வீணாக்கினேன்.

நானும் அதே எல்லைதான், வேலந்தாவளத்துக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ் வழி, பஸ் போர்டில் மலையாளம், பாடப்புத்தகத்தில் இங்கிலீஷும் இந்தியும். பத்து வயதுக்குள் நாலு விதமான எழுத்து. எல்லையில் பிறந்த பிள்ளைகளுக்கு இது சாதாரணம், உங்களுக்கும் தெரியும். மூன்று வயதில் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, என்னைப் பாலக்காட்டுச் சித்தூர் குருமடத்துக்குக் கூட்டிப்போய், சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் அரிசியில் எழுத வைத்தாள். மலையாள எழுத்துக்குத் தகப்பன் என்று சொல்லப்படும் எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாக நம்பப்படும் இடம் அது, சோகநாசினி ஆற்றங்கரை. அங்கே கை பிடித்து எழுதியவளுக்கு எழுத்து வரவில்லை என்றால் அமுச்சியால் நம்பவே முடியவில்லை. அரிசி சரியில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் முதல் எதிரி கொழிஞ்சாம்பாறை. ஊர் அல்ல, அந்தச் சொல். நிதானமாகப் பாருங்கள். ‘கொ’வில் ஒலி ஒன்று, ஆனால் குறி எழுத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அடுத்து ழ. அதற்கடுத்து ஞ், பிறகு ம், கடைசியில் ற, அதற்கு முன்னால் எழுதிப் பின்னால் உச்சரிக்கும் ஐகாரக் குறி. தமிழில் ஒரு பிள்ளையைத் தடுக்கி விழவைக்க என்னென்ன உண்டோ அத்தனையும் ஒரே ஊர்ப் பெயரில் இருக்கின்றன. நடுவில் நிற்கும் துணைக்கால் வேறு, ‘ர’ போலவே இருக்கும். ஆறாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் இதை நூறு தடவை இம்போசிஷன் எழுதச் சொன்னார். முதல் இருபது சரியாக வந்தது. நூறாவது வரும்போது வேறொரு ஊரே உருவாகியிருந்தது. அதே வருடம்தான், கோவை வானொலியில் ஒரே தடவை கேட்ட நாடகத்தை ஆள் மாற்றி ஆள் குரலில் வீட்டில் நடித்துக் காட்டுவேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ‘கெட்டிக்காரி, ஆனால் சோம்பேறி’ என்று ரேங்க் கார்டில் எழுதினார்கள். அதைப் படிக்கவும் எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இதற்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர் தெரிந்தபோது எனக்கு 31 வயது. அக்கா மகனைச் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று சோதித்த அம்மா கேட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். இது பெரும்பாலும் வம்சத்தில் வருவது. ஒரே ஒரு மரபணுவால் அல்ல, பலவற்றின் சிறு சிறு பங்கால். 2022-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு மரபணுத் தொகுதியில் இதோடு தொடர்புள்ள 42 இடங்களைக் காட்டியது. பிலிப் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கக் கவிஞருக்கும் இப்படித்தான் தெரிந்தது. மகனுக்குச் சொன்ன அடையாளங்கள் தனக்கும் இருக்கின்றனவே என்று அவர் கண்டுபிடித்தபோது வயது 58. கவிதைக்கான புலிட்சர் பரிசை 2008-ல் வாங்கியவர்.

உங்கள் வகுப்பில் சிரிக்கிறவர்களுக்கு என்ன குழப்பம் என்று எனக்குத் தெரியும். குழப்பம் நம் பேச்சிலேயே இருக்கிறது. ‘படிப்பு’ என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வேலையைச் சொல்கிறோம். எழுத்தைப் பார்த்து ஒலியாக மாற்றுவதும் படிப்பு, ஒன்றைப் புரிந்துகொள்வதும் படிப்பு, பட்டம் வாங்குவதும் படிப்பு. அதனால் முதலாவதில் திணறுகிறவனுக்கு மற்ற இரண்டும் வராது என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. ‘எழுத்து’ என்ற சொல்லும் அப்படித்தான். பிழையில்லாமல் எழுதுவதும் எழுத்து, கதை எழுதுவதும் எழுத்து. நமக்குக் கோளாறு இருப்பது ஒவ்வொன்றிலும் முதல் அர்த்தத்தில் மட்டும்.

வேடிக்கை என்னவென்றால், நம் இலக்கணக்காரர்கள் இதில் தெளிவாக இருந்தார்கள். நன்னூல் எழுத்துக்கு இலக்கணம் சொல்லும்போது அதை ஒலி என்றே சொல்கிறது. வரிவடிவம் அதற்குப் பிறகு வருவது. வள்ளுவரும் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நிற்காமல், காதால் கேட்டு அறிவதான கேள்விக்குத் தனியாக ஓர் அதிகாரம் வைத்தார்.

டிஸ்லெக்ஸியா கண் கோளாறு அல்ல. ரூடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1887-ல் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததாலோ என்னவோ, இன்றைக்கும் நிறையப் பேர் கண்ணாடிக் கடைக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். கலர் கண்ணாடி, கலர் தாள் எல்லாம் விற்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன். பயன் உண்டு என்பதற்குச் சான்றில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்லிவிட்டது. கோளாறு இருப்பது சொல்லைத் தனித்தனி ஒலியாகப் பிரித்து, அந்த ஒலியை எழுத்தோடு சட்டென்று ஒட்டும் வேலையில். மற்றவர்களுக்கு அது சைக்கிள் ஓட்டுவது மாதிரி பழகிப்போய்விடும். நமக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக ஓட்டுவது மாதிரி. அதனால்தான் மாலை நாலு மணிக்கு மேல் பிழை கூடுகிறது. அது அக்கறையின்மை அல்ல, களைப்பு.

1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பெர்சி என்ற தன் பெயரையே அவன் எழுத்து முன்பின்னாக எழுதினானாம். கணக்கில் கெட்டி. பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதலாவதாக வருவான் என்று அவனுடைய வாத்தியார் சொன்னதையும் மருத்துவர் குறித்திருக்கிறார். இதை முதன்முதலில் கேட்டபோது நான் கொழிஞ்சாம்பாறையை நினைத்துக்கொண்டேன். அந்த வாத்தியாருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஆனால் பள்ளியை அவனுக்காக மாற்ற அவர் கையில் அதிகாரம் இல்லை. 130 வருடமாக அதுதான் கதை.

தமிழ் எடுத்தது தப்பா என்று மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இங்கிலீஷைவிட நமக்குத் தமிழ் கருணையானது. எழுத்தும் ஒலியும் ஏறக்குறைய ஒத்துப்போகும் மொழிகளில் டிஸ்லெக்ஸியா உள்ளவர்கள் குறைவான பிழையோடு படிக்கிறார்கள், வேகம் மட்டும் குறைவாக இருக்கும். இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து மூன்று நாட்டவரையும் வைத்து 2001-ல் ஓர் ஆய்வு செய்தார்கள். இத்தாலியர்கள் மற்ற இருவரையும்விடத் திருத்தமாகப் படித்தார்கள். மூளையின் இடப்பக்கத்தில் வேலை மந்தமாக இருந்த இடம் மட்டும் மூன்று பேருக்கும் ஒன்றே. அதாவது கோளாறு ஒன்று, மொழியைப் பொறுத்து அது கொடுக்கும் அடி வேறு. தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள். உண்மையில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், மீதி 216-ம் பெரும்பாலும் கூட்டிச் சேர்ப்பதுதான்.

அதைவிட முக்கியமாக, தமிழில் எந்த மெய்க்குப் பக்கத்தில் எது நிற்கலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. மெய்ம்மயக்கம் என்று பரீட்சைக்காகப் படித்து மறந்திருப்பீர்கள். எனக்கு அதுதான் ஊன்றுகோல். ந், ன் இரண்டும் காதுக்கு ஒன்றுபோல்தான் கேட்கும், கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் சொல்லின் தொடக்கத்தில் ‘ந’தான் வரும், ‘ன’ வராது. த-வுக்கு முன்னால் வரும் மெல்லெழுத்து ‘ந்’. ட-வுக்கு முன்னால் என்றால் ‘ண்’, ற-வுக்கு முன்னால் என்றால் ‘ன்’. எனவே ‘ஒன்று’, ‘கன்று’ எழுதும்போது ர-வா ற-வா என்று யோசிக்கவே வேண்டாம், ன் வந்துவிட்டதால் ற-தான். ‘ர்’ தன்னோடு இரட்டிக்காது, இரட்டித்து ஒலித்தால் அது ‘ற்ற’. இப்படிப் பத்துப் பன்னிரண்டு விதி. ஒரு அட்டையில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். உங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் பழக்கத்தால் எழுதுகிறார்கள், நாம் காரணத்தோடு எழுதுகிறோம். காரணம் தெரிந்ததால் இலக்கண வகுப்பு எடுக்கவும் எனக்கு அது உதவியது.

ல, ள, ழ-வுக்கு இந்த மாதிரி விதி கிடையாது, காதுதான் கதி. கேரளத்துப் பக்கம் வளர்ந்ததால் நமக்கு ழகரம் நாக்கில் நிற்கும், அதையாவது லாபமாக எடுத்துக்கொள்வோம்.

சரி, வரம் என்று சொன்னவருக்கு வருகிறேன். ஐன்ஸ்டைன், டாவின்சி என்று பட்டியல் போடுவார்கள். அவர்களை யாரும் சோதித்ததில்லை, சும்மா ஊகம். டிஸ்லெக்ஸியா இருந்தால் கற்பனை தானாகப் பொங்கும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. எனக்கு இது வரமாக இருந்ததில்லை. பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் எல்லைக்கோட்டில் தேறினேன். முதல் நேர்முகத் தேர்வில் ஒரு தாளைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள், பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கல்லூரியின் வாசலை இன்றைக்கும் பஸ்ஸில் கடக்கும்போது வேறு பக்கம் பார்ப்பேன். இதை வரம் என்று சொல்கிறவர் ஒரு நாள் என் கண்ணைக் கடன் வாங்கிப் பார்க்கட்டும்.

ஆனால் வழி இருக்கிறது, அதற்கு நிஜமான ஆட்களும் இருக்கிறார்கள். கரோல் கிரைடர் என்ற விஞ்ஞானியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் எழுத்துக்கூட்டல் வராமல் தனி வகுப்புக்கு அனுப்பப்பட்டவர், தன்னை மந்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தவர். கூட்டிப் படிக்க வராததால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யப் பழகினார், அந்த நினைவாற்றலே பிற்பாடு உயிரியலில் கைகொடுத்தது என்கிறார். மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் மதிப்பெண் மோசம். ஆய்வுக்கூட அனுபவம் நன்றாக இருந்தும் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கதவைச் சாத்தின. மதிப்பெண்ணைத் தாண்டி ஆளைப் பார்த்த பெர்க்லியில் சேர்ந்தார். அங்கே 1984 கிறிஸ்துமஸ் அன்று ஆய்வுக்கூடத்தில் அவர் பார்த்ததுதான், குரோமோசோம்களின் நுனியைக் காக்கும் டெலோமியரேஸ் நொதியின் முதல் தடயம். 2009-ல் நோபல் பரிசு. டைனோசர் ஆய்வாளர் ஜாக் ஹார்னர் இளங்கலைப் பட்டம்கூட முடிக்கவில்லை. பாறையில் முட்டையும் குஞ்சும் கண்டுபிடித்த பிறகு, அவரைத் தோற்கடித்த அதே பல்கலைக்கழகம் 1986-ல் மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது. இவர்கள் டிஸ்லெக்ஸியாவால் வென்றவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வாசிப்பு வேகம் முக்கியமில்லாத ஒரு வேலையைத் தங்கள் துறைக்குள்ளேயே கண்டுபிடித்துக்கொண்டவர்கள். நீங்களும் செய்ய வேண்டியது அதுதான்: தமிழுக்குள் உங்கள் காது எங்கே மற்றவர்கள் கண்ணைவிட அதிகம் பார்க்கும் என்று தேடுவது.

எனக்கு அது தோல்பாவைக்கூத்தில் கிடைத்தது. நம் பாலக்காட்டுப் பகவதி கோயில் கூத்துமாடங்களில் கம்பனின் பாட்டைப் பாடித்தான் பாவை ஆட்டுகிறார்கள். 21 விளக்கு வரிசையாக எரியும், திரைக்குப் பின்னால் இரவு முழுக்கப் புலவர்கள் பாடிப் பொருள் சொல்வார்கள். எதிரில் சில நாள் மனுஷர் ஒருவரும் இருக்க மாட்டார்கள், பகவதி கேட்டால் போதும். தமிழ்ப் பாட்டு, பெரும்பாலும் மலையாளம் பேசுகிறவர்கள் வாயில். ஆடல்பற்று என்று அவர்கள் சொல்லும் கூத்துப் பாட ஏடுகளில் தமிழ் மலையாள எழுத்தில் இருக்கும். என்னைப் போன்றவளுக்கு அது இரட்டைப் பூட்டு. முதலில் ஏட்டைப் படிக்கப் பார்த்து இரண்டு மாதம் அழுதேன். அப்புறம் ஒரு முதிய புலவர், “உனக்கு எதற்கம்மா ஏடு, நான் சொல்கிறேன் கேள்” என்றார். அவரும் அப்படிக் கேட்டுத்தான் ஆயிரக்கணக்கான பாட்டை ஏற்றிக்கொண்டவர். மூன்று கூத்துக்காலம் கேட்டேன், பதிவு செய்தேன், திரும்பத் திரும்பக் கேட்டேன். அச்சுப் பதிப்பிலிருந்து பாட்டு எங்கே விலகுகிறது என்பது என் காதில் முள்ளாகக் குத்தியது. மற்றவர்கள் ஏட்டையும் அச்சையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள், நான் ஓசையை ஒப்பிட்டேன். எதுகை ஓர் இடத்தில் நொண்டினால் அங்கே ஒரு சொல் மாறியிருக்கும். என் ஆய்வேட்டின் நல்ல அத்தியாயம் அதுதான். மற்ற அத்தியாயங்களைப் பற்றி நீங்கள் கேட்காமல் இருப்பது நல்லது.

இனி அன்றாட வேலை. போனைக் கையில் எடுங்கள். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் வசதி எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் இருக்கிறது, தமிழ்க் குரலும் இருக்கிறது. முதல் வாரம் அந்தக் குரல் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், உள்ள எதையும் அது வாசிக்கும். 1998-லிருந்து மதுரைத் திட்டம் இணையத்தில் ஏற்றிவைத்த பழைய நூல்கள் நமக்குப் பெரிய கொடை. ஆனால் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப் வந்தால் இயந்திரம் உளறும். அப்போது கட்டுரையாளரிடமே ஒருங்குறிக் கோப்பு கேட்டுவிடுவேன், அல்லது மாற்றியில் போட்டு மாற்றிக்கொள்வேன். அச்சுப் புத்தகம் என்றால் கூகுள் லென்ஸில் படம் பிடித்தால் எழுத்தாக மாற்றித் தரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பதிப்பு என்றால் அதையும் நம்ப முடியாது. கொம்பு வளைந்த பழைய லை, ணை, னை எல்லாம் அதற்கும் தகராறு, நமக்கும் தகராறு. அந்த மாதிரிப் புத்தகத்துக்கு ஒரு மனுஷக் குரல் வேண்டும். நான் ஒரு இளங்கலை மாணவிக்கு மணிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டேன். அவளுக்கும் படிப்பாயிற்று.

புத்தகத்தை இப்படிக் குரலாக்குவது திருட்டு என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டமே மாற்றுத்திறனாளியின் சொந்தப் பயனுக்கும் ஆய்வுக்கும் இதை அனுமதிக்கிறது. அச்சைப் படிக்க முடியாதவர்களுக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் முதலாவதாக ஏற்ற நாடு இந்தியாதான். அதில் பார்வையற்றவர்களோடு வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களும் வருகிறார்கள்.

குறிப்பு எடுப்பதில் ஒரே ஒரு எச்சரிக்கை. எண்கள். 1896-ஐ நான் 1986 என்று எழுதிவிடுவேன், பக்க எண்ணைத் திருப்பிப் போடுவேன். அடிக்குறிப்பில் இது மன்னிக்கப்படாது. எனவே மேற்கோள் எடுக்கும் பக்கத்தையே எண்ணோடு படம் பிடித்து வைத்துவிடுவேன், கையால் எண் எழுதுவதில்லை. நூற்பட்டியலை ஸோட்டெரோ மென்பொருள் பார்த்துக்கொள்கிறது, இலவசம். டிஸ்லெக்ஸியாவுக்கென்று விற்கும் விசேஷ எழுத்துருக்களுக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி கூட்டினாலே வித்தியாசம் தெரியும், இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகளை வைத்து 2012-ல் பார்த்த ஆய்வும் அதைத்தான் சொன்னது.

கதைக்கு வருவோம். பிழையைப் பற்றி நினைத்துக்கொண்டே கதை எழுதினால், பிழையில்லாமல் எழுதத் தெரிந்த சொற்களை மட்டும் எழுதுவீர்கள். நான் பத்து வருடம் அப்படித்தான் எழுதினேன். ‘வற்புறுத்தினான்’ என்று எழுதப் பயந்து ‘கேட்டான்’ என்று எழுதுவேன். என் பாத்திரங்கள் எல்லாரும் ரொம்ப சாந்தமானவர்களாக இருந்ததற்குக் காரணம் அதுதான். இப்போது முதல் படி முழுக்க வாயால். சாயங்காலம் வாய்க்கால் மேட்டில் நடந்துகொண்டே போனில் சொல்லிக்கொண்டு போவேன். ஆடு மேய்க்கிறவர்கள் முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள், இப்போது “டீச்சர் கதை சொல்றாங்க” என்று வழி விடுகிறார்கள். குரலைத் தட்டச்சாக்கும் வசதி தமிழுக்கு வந்தது 2017-ல், அதற்கு முன்னால் ஒலிப்பதிவை அக்கா உட்கார்ந்து எழுதித் தந்தாள். நம்ம ஊர்ப் பேச்சு அந்த இயந்திரத்துக்குப் பாதிதான் புரியும். தாத்தாவை ‘அப்பாரு’ என்றால் ‘அப்புறம்’ என்று போடும். பரவாயில்லை, திருத்தலாம்.

இரண்டாவது படி, இயந்திரத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பது. கண் பார்க்காததைக் காது பிடிக்கும். ‘பையன் பல்லிக்குப் போனான்’ என்று அந்தக் குரல் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். ஒற்றுப்பிழைக்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி என்று நீச்சல்காரன் என்பவர் செய்துவைத்த இரண்டு திருத்திகள் இணையத்தில் இருக்கின்றன, இரண்டிலும் போட்டு எடுப்பேன். மூன்றாவதாக ஒரு மனுஷக் கண். எந்த எழுத்தாளருக்கும் பிழை திருத்துநர் உண்டு, பதிப்பகங்களில் அதற்கென்று சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். நமக்கு மட்டும் அது ஏமாற்று வேலை என்று யார் சொன்னது? சொல்லப்போனால், நடந்துகொண்டே சொன்ன கதைகளில்தான் என் வாக்கியங்களுக்கு மூச்சு வந்தது. இதை மறுபடியும் வரக் கணக்கில் எழுதிவிடாதீர்கள், வேறு வழியில்லாமல் செய்தது.

நெறியாளரிடம் சொல்வதா? சொல்லுங்கள், ஆனால் கோளாறின் பெயரோடு தொடங்காதீர்கள். “ஐயா, நான் மெதுவாகப் படிப்பேன், நீங்கள் திருத்தம் சொன்னால் வாயால் சொல்லுங்கள், பதிவு செய்துகொள்கிறேன். இயல் ஒன்றைத் திருத்தித் தர எனக்கு ஒரு வாரம் கூடுதலாக வேண்டும்” என்று தேவையைச் சொல்லுங்கள். பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். நான் முதல் நெறியாளரிடம் மறைத்தேன். என் வரைவைப் பார்த்துவிட்டு இதை யாரோ குடிபோதையில் தட்டச்சு செய்திருக்கிறார்கள் என்றார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன், ஆறு மாதம் அவர் பக்கமே போகவில்லை. இரண்டாவது நெறியாளரிடம் முதல் நாளே சொன்னேன். அந்த அம்மா, “அப்படியானால் வாரம் ஒரு நாள் வந்து வாயால் பேசு, நான் குறித்துக்கொள்கிறேன்” என்றார். எல்லாருக்கும் இப்படி ஆள் கிடைப்பதில்லை என்று தெரியும். சேர்வதற்கு முன்னால் நெறியாளரின் பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் விசாரித்துவிடுங்கள். தலைப்பைவிட ஆள் முக்கியம்.

காகிதமும் தயாராக இருக்கட்டும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. மருத்துவக் குழு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று கொடுத்தால் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத ஒதுக்கீட்டில் வருவீர்கள். முனைவர் பட்டச் சேர்க்கைக்கான 55 சதவீத மதிப்பெண்ணில் 5 சதவீதத் தளர்வு, படிப்பை முடிக்கும் கெடுவில் கூடுதலாக இரண்டு வருடம் என்று 2022-ன் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளும் சொல்கின்றன. எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், தேவைப்பட்டால் சொல்வதை எழுத ஆள். 40 சதவீதம் இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவரின் வழக்கில், எழுத ஆள் கேட்பதற்கு அந்த அளவுகோல் அவசியமில்லை என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கேற்ப 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதலும் வந்தது.

எல்லைக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சோதிக்கிறவர் மலையாளத்திலோ இங்கிலீஷிலோ மட்டும் சோதித்தால், உங்களுக்கு வராதது அந்த மொழியா, வாசிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் படித்தது தமிழ் வழி. தமிழிலும் சோதிக்கச் சொல்லுங்கள், அது அறிக்கையில் இருக்கட்டும். கோயம்புத்தூர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நம் மாவட்ட மருத்துவக் குழுவிடம் போங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைத்தால் அது நாடு முழுக்கச் செல்லும், நீங்கள் கேரளத்தில் படித்தாலும் கோவைப் பக்கம் போனாலும் ஒன்றுதான்.

பாடம் நடத்துவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தப் பயம் உங்களுக்கு இருக்கும். போர்டில் எழுதும்போது எனக்கு இன்றைக்கும் பிழை வரும். முதல் வகுப்பிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன்: நான் எழுதியதில் பிழை கண்டுபிடித்தால் ஒரு கடலைமிட்டாய். அதற்காகவே போர்டை உற்றுப் பார்க்கிறார்கள். என் வகுப்பில் யாரும் தூங்குவதில்லை. மாதம் கடலைமிட்டாய்க்கு நூறு, நூற்றைம்பது ஆகும். பாட்டை நான் பார்த்து வாசிப்பதில்லை, மனப்பாடமாகச் சொல்வேன், அதையும் பிள்ளைகள் பெருமையாகத்தான் நினைக்கிறார்கள். காரணம் தெரிந்த ஒன்றிரண்டு பேர் வருடா வருடம் தனியாக வந்து நின்று, “டீச்சர், எனக்கும்…” என்று ஆரம்பிப்பார்கள்.

அப்புறம், கள்ளிறக்கும் உங்கள் அப்பாரு பற்றிய கதை பாதியில் நிற்கிறது, எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்த வேண்டாம், தட்டச்சும் வேண்டாம். போனில் பேசிப் பதிவு செய்து அப்படியே அனுப்புங்கள். மரத்தில் ஏறும்போது அவர் ஏதோ முணுமுணுப்பார் என்று ஒரு வரி போட்டுவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். என்ன முணுமுணுப்பார் என்று எனக்குக் கேட்க வேண்டும்.